சாய்த்து உதைத்த காலம்

காலை எட்டேகால் மணிக்கு ஒரு குடியிருப்பின் வாசலில் நாலைந்து ஆண்கள், குளித்து, திருநீறு பூசி, சாப்பாட்டுப் பையை மாட்டிக்கொண்டு, ஆளுக்கொரு ஸ்கூட்டரை ஒரு பக்கமாகச் சாய்த்துப் பிடித்தபடி தரையைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். சில நொடிகள் யாரும் பேச மாட்டார்கள். பிறகு வண்டியை நிமிர்த்தி, சோக்கை இழுத்து, ஓர் உதை. நீங்களும் அப்படி நின்றவர் என்றால், சாய்க்கும்போது டேங்குக்குள் பெட்ரோல் சலசலக்கும் ஓசை இப்போதுகூட உங்கள் காதில் விழும். பெட்ரோலைத் தள்ளிவிட அந்த வண்டியில் பம்பு எதுவும் கிடையாது. இருக்கைக்கு அடியில் உள்ள டேங்கிலிருந்து அது தானாக இறங்கி கார்புரேட்டருக்கு வரவேண்டும். இரவெல்லாம் நின்ற வண்டியில் அங்கே கொஞ்சம் வறண்டுபோயிருக்கும் என்பது அப்பா சொல்லி மகனுக்கும், அண்ணன் சொல்லித் தம்பிக்கும் தெரிந்திருந்தது. பொறியியல் படித்தவரும் சாய்த்தார், ஆறாம் வகுப்போடு நின்றவரும் சாய்த்தார். வண்டிக்கு என்ன வேண்டும் என்று இருவருக்கும் ஒரே அளவுக்குத் தெரிந்திருந்த காலம் அது.

நான் எண்பதுகளின் தொடக்கத்தில் வேலைக்காகப் புனே வந்தேன். பெயர்ப் பலகைகளில் அப்போதே ‘புனே’ ஆகிவிட்டிருந்தது. ஊரிலிருந்து வரும் கடிதங்களில் அப்பா மட்டும் கடைசிவரை ‘பூனா’ என்றே முகவரி எழுதினார். வேலை பிம்ப்ரி-சிஞ்ச்வட் தொழிற்பேட்டையில், தங்கல் ரஸ்தா பேட்டில். அங்கே பல தமிழ்க் குடும்பங்கள் இருந்ததால் மாலையில் தெருவில் நடந்தால் ஒரு ஜன்னலிலிருந்து சாம்பார் மணமும் இன்னொரு ஜன்னலிலிருந்து, பாடம் படிக்காத பையனுக்குத் தமிழில் விழும் வசவும் வரும், ஊர் நினைப்பு கொஞ்சம் ஆறும். மும்பை சாலையில் பஸ் பிடித்து வேலைக்குப் போகும் வழியைக் கொஞ்சம் நீட்டினால் ஆகுர்டி, பஜாஜ் ஆட்டோ தொழிற்சாலை இருந்த இடம். இத்தாலியின் பியாஜியோ நிறுவனத்தோடு செய்துகொண்ட உரிம ஒப்பந்தத்தில் வெஸ்பா செய்துவந்தவர்கள், 1971-இல் அந்த ஒப்பந்தம் முடிந்ததும், 1972-இல் ராணா பிரதாப்பின் குதிரையின் பெயரைச் சூட்டி ‘சேத்தக்’ என்று சொந்த வண்டியைக் கொண்டுவந்தார்கள். நாட்டுக்கே ஸ்கூட்டர் செய்து அனுப்பிய ஊர் இது. ஆனாலும் தொழிற்சாலைச் சுவரை ஒட்டித் தினமும் பஸ்ஸில் போகிறவனும், பணத்தைக் கட்டிப் பெயரைப் பதிந்துவிட்டு, காஷ்மீரிலும் கன்னியாகுமரியிலும் காத்திருப்பவர்களோடு சேர்ந்தே காத்திருக்க வேண்டும். எத்தனை வண்டி செய்யலாம் என்பதை அரசாங்கத்தின் உரிமம் தீர்மானித்த நாட்கள். பத்து ஆண்டு வரைகூடக் காத்திருந்தார்கள். பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமாகும்போது பயன்படட்டும் என்று அவள் பள்ளிக்கூடம் போகும்போதே பதிந்துவைத்த தகப்பன்மாரை எனக்குத் தெரியும். இன்று ஆர்டர் போட்ட பொருள் நாளை மாலைக்குள் வரவில்லை என்றால் நாம் படும் பாட்டை அவர்கள் பார்த்தால் என்ன சொல்வார்களோ.

அதனால், ஓட்டிப் பழகிய ஒரு வண்டி, புதிய வண்டியின் விலையைவிட அதிகமாகவும் விற்றது. நான் வாங்கியதும் அப்படி ஒன்றுதான். ஆர்.சி. புத்தகம் அதைப் பச்சை என்றது. வண்டியின் மேல் மூன்று நிறங்கள் அடுக்கடுக்காகத் தெரிந்தன. வாங்கிய அன்று இரவு தெரு விளக்கின் கீழ் அதைச் சுற்றிச்சுற்றி வந்த அந்த இளைஞனை இப்போது நினைத்தால் எனக்கு அவன்மேல் பிரியமாக இருக்கிறது. கையில் ஒரு ஸ்பேனர்கூட இல்லாமல், எல்லாவற்றையும் தானே பார்த்துக்கொள்ளப்போவதாக அறைத் தோழர்களிடம் அறிவித்துவிட்டிருந்தான். அவன் சொன்னபடியே நடந்தது என்பதில் இன்றுவரை எனக்கு மகிழ்ச்சி.

அதற்கு ஊரும் ஒரு காரணம். புனேவின் கடைகள் மதியம் ஒன்றிலிருந்து நான்கு மணி வரை சாத்தியிருக்கும், வாடிக்கையாளரும் அதை மதிக்க வேண்டும். தொழிற்பேட்டைக்கு வாராந்தர விடுமுறை வியாழக்கிழமை. மெக்கானிக்குக்கு நேரம் இருக்கும்போது நமக்கு ஷிப்ட், நமக்கு ஷிப்ட் இல்லாதபோது அவர் கடையில் நாலு வண்டி வரிசை. இதற்கு நடுவே நானா பேட்டில் ஒரு மரத்தடியில் சின்னப் பெட்டி ஒன்றோடு உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர்தான், ‘இதற்கெல்லாம் என்னிடம் வராதே’ என்று தொழில் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். அவரை எல்லோரும் காகா என்பார்கள், நானும் அப்படியே. தென்னாட்டுக்காரர்கள் எல்லோரும் இந்த ஊருக்கு ‘அண்ணா’ ஆகையால், என்னைவிட முப்பது வயது மூத்த அவருக்கும் நான் அண்ணாதான்.

காகா முதலில் சொல்லிக்கொடுத்தது பிளக் கழற்ற. வலப்பக்க மூடியைக் கழற்றி, பிளக் ஸ்பேனரை நுழைத்துத் திருப்பி, வெளியே எடுத்து, அதன் நிறத்தைப் பார்க்கச் சொன்னார். காப்பிப்பொடி நிறமாக இருந்தால் வண்டி நன்றாக எரிக்கிறது. ஈரக் கறுப்பாக இருந்தால் ஆயில் கூடுதல் அல்லது காற்று குறைவு. வெளுத்திருந்தால் இன்ஜின் பெட்ரோல் போதாமல் சூடாகிறது. ஒரு சின்ன உலோகத் துண்டு, உள்ளே நடப்பதையெல்லாம் வெளியே வந்து சொல்கிறது என்பது அந்த வயதில் எனக்குப் பெரிய அதிசயமாக இருந்தது, இன்றும் அப்படித்தான் இருக்கிறது. நாதஸ்வரக்காரர் சீவாளியைக் கவனிப்பதுபோல அவர் அந்த பிளக்கைக் கவனித்தார். உப்புத்தாளால் மெல்லத் தேய்த்து, ஊதி, இரு முனைகளுக்கும் நடுவே ஓர் உடைந்த ரம்பத் தகட்டை நுழைத்து இடைவெளி பார்ப்பார். இரும்பறுக்கும் கைரம்பத்தின் தகடு ஏறத்தாழ 0.6 மில்லிமீட்டர் கனம், பிளக்கின் இடைவெளியும் அதுவே. அளவுகோல் வாங்கக் காசில்லாத தொழிலாளி யாரோ எப்போதோ கண்டுபிடித்துவைத்த இந்த ஒற்றுமை நாடு முழுக்கப் பரவியிருந்தது. மதுரையில் ஒரு கடையில் பிற்பாடு அதே தகட்டைப் பார்த்தபோது சொந்தக்காரரைக் கண்டதுபோல நின்றுவிட்டேன்.

அதற்குப் பிறகு கேட்கச் சொல்லிக்கொடுத்தார். ‘அண்ணா, சத்தத்தைக் கேள்’ என்பார் மராத்தியில், என் தோளில் கைவைத்து. கிளட்ச்சைப் பிடித்தால் மறையும் சத்தம் ஒன்று, பிடித்தாலும் போகாத சத்தம் இன்னொன்று. சூடானபின் வரும் சத்தத்துக்கும் குளிரில் வரும் சத்தத்துக்கும் வைத்தியம் வேறு. வண்டி முக்கி முனகி நின்றுபோனால் பெரும்பாலும் தீர்ப்பு ஒன்றே: ‘கச்ரா ஆலா.’ பெட்ரோலோடு வந்த தூசி கார்புரேட்டரின் ஜெட்டை அடைத்துவிட்டது. ஊசிமுனை அளவுகூட இல்லாத ஒரு துளை. அதைக் கழற்றி வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, வாயால் ஊதி, துளை வழியே வானத்தின் ஒரு புள்ளி தெரிந்தால் வேலை முடிந்தது. குத்தி எடுக்கக் கம்பி நுழைக்கக் கூடாது, துளை பெரிதாகிவிடும் என்பார். நூறு கிலோவுக்கு மேல் எடையுள்ள ஒரு வண்டி, மனைவி, இரண்டு பிள்ளைகள், காய்கறிப் பை எல்லாம் சேர்த்து ஒரு குடும்பத்தின் போக்குவரத்தே அந்தத் துளையின் சுத்தத்தில் இருந்தது. அதை ஒருமுறை கையில் பிடித்துப் பார்த்தவன் பிறகு பெட்ரோல் பங்கில் டேங்க் மூடியைக் கழற்றி எங்கே வைக்கிறார்கள் என்பதைக்கூடக் கவனிப்பான்.

உதிரிப் பாகங்களுக்கு நானா பேட் இருந்தது, நடந்தே போகும் தூரம். அந்தச் சந்துகளில் கடைக்காரர்கள் பாகத்தின் பெயரைக் கேட்பதில்லை. பழசைக் கொண்டுவந்து மேசைமேல் வைக்க வேண்டும், அவர் ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போவார். கேபிள், கிளட்ச் பிளேட், ஆயில் சீல், பிஸ்டன் ரிங், ரப்பர் புஷ். கம்பெனிச் சரக்கு ஒரு விலை, உள்ளூர்ச் சரக்கு ஒரு விலை. ‘ரெண்டில் எது வைத்துக்கொள்வீர்கள், உங்கள் வண்டி என்றால்?’ என்று கேட்டால் உண்மையைச் சொல்வார்கள். அங்கே கிடைக்காததற்கு ஜுனா பஜார். புதனும் ஞாயிறும் கூடும் பழம்பொருள் சந்தை, மங்கள்வார் பேட்டில் ஆற்றுப் பக்கமாகச் சாலையோரத்தில் சாக்கு விரித்து இரும்பைக் கொட்டியிருப்பார்கள். எனக்கோ விடுமுறை வியாழன். ஆகவே இரண்டாம் ஷிப்ட் வரும் வாரத்தில் புதன் காலை போய்விட்டு அப்படியே வேலைக்குப் போக வேண்டும். அந்த வாரம் வருவதற்காகக் காத்திருப்பேன்.

அந்தச் சந்தையை எப்படிச் சொல்வது? பூட்டில்லாத சாவிகள், சாவியில்லாத பூட்டுகள், கிராமபோன் கைப்பிடி, ராணுவத் தண்ணீர்ப் புட்டி, தையல் மெஷினின் சக்கரம், ஒற்றைக் கால் கழன்ற தராசு, யாரோ ஒரு வக்கீலின் பித்தளைப் பெயர்ப்பலகை. இவற்றுக்கு நடுவே குந்தி உட்கார்ந்து, மண்ணெண்ணெயில் கழுவப்பட்ட நட்டுகளின் குவியலை விரல்களால் கிளறிக்கொண்டே இருந்தால், தேடிவந்தது வருவதற்கு முன் தேடாதவை பத்து வரும். எனக்கு வேண்டியது பெரும்பாலும் பதினொன்றாம் நம்பர் ஸ்பேனர். நான் பார்த்த வீடுகளில் பெரும்பாலும் பத்தும் பன்னிரண்டும் இருக்கும், பதினொன்று இருக்காது. இத்தாலியக் குடும்பத்தில் பிறந்த இந்த ஸ்கூட்டருக்கு ஏழு மில்லிமீட்டர் மரைகளுக்காக அது வேண்டும். ஒருவர் வீட்டுக் கருவிப் பெட்டியில் பதினொன்று இருந்தால் அவர் ஸ்கூட்டர்க்காரர் என்று முடிவுகட்டிவிடலாம், அப்படித்தான் என் மாமனாரோடு எனக்கு முதல் பேச்சு தொடங்கியது.

வியாழக்கிழமைகள் அறை முழுக்கப் பழைய ‘சகாள்’ நாளிதழ் விரிப்பேன். கழற்றிய வரிசையிலேயே பாகங்களை இடமிருந்து வலமாக அடுக்க வேண்டும் என்பது காகாவின் கட்டளை. திரும்ப மாட்டும்போது வலமிருந்து இடமாக வந்தால் போதும். மராத்தி எழுத்தை நான் படிக்கக் கற்றதே அந்தத் தாள்களில்தான். வாஷரைத் தூக்கினால் அடியில் ஒரு தலைப்புச் செய்தி, கிளட்ச் ஸ்பிரிங்குக்கு அடியில் ஒரு நாடக விளம்பரம். கார்க் பதித்த கிளட்ச் பிளேட்டுகள் ஆயிலில் ஊறிக்கொண்டிருக்க, நான் எழுத்துக் கூட்டிக்கொண்டிருப்பேன். வருடத்துக்கொரு முறை சைலன்சர். பெட்ரோலோடு ஆயிலும் சேர்ந்து எரியும் டூ-ஸ்ட்ரோக் இன்ஜின் ஆதலால் உள்ளே கரி அப்பி வண்டி மூச்சுத் திணறும். கழற்றி வெட்டவெளியில் தீயிட்டு எரித்து, ஆறியதும் தட்டினால் கறுப்புப் பொட்டுப் பொட்டாகக் கரி கொட்டும். அன்று மாலை வண்டி எடுக்கும் வேகத்தில் நமக்கே மார்பு விரியும்.

அந்த இன்பத்தைச் சொல்லத்தான் இவ்வளவும். எல்லாம் மாட்டி முடித்து, மிச்சமாக ஒரு நட்டும் தாளில் இல்லை என்று பார்த்து, கையைச் சோப்புத்தூளால் கழுவாமலே, வண்டியை வெளியே தள்ளி ஓர் உதை உதைத்து, அது ஒருமுறை இருமி, இரண்டாம் உதையில் படபடவென்று நிலைத்துப் பேசத் தொடங்கும்போது உடம்புக்குள் ஏறுகிற ஒன்றை, சம்பளம் கூடிய நாளிலோ பதவி உயர்வு வந்த நாளிலோ நான் உணர்ந்ததில்லை. இன்ஜின் நிதானமாக ஓடினால் ஆறு வோல்ட் முன்விளக்கு மங்கும், ஆக்ஸிலேட்டரைத் திருகினால் பிரகாசிக்கும். மின்வெட்டு நேரத்தில் லட்சுமி சாலையில் போகும்போது, என் மணிக்கட்டின் அசைவுக்குச் சாலை முழுதும் ஒளிர்ந்து மங்குவதைப் பார்த்துக்கொண்டே போவேன். அந்த வெளிச்சம் எங்கே உண்டாகிறது, எந்தச் சுருளிலிருந்து எந்தக் கம்பி வழியே வருகிறது என்று தெரிந்து ஓட்டுகிறவனுக்கு வண்டி வேறு, தெரியாமல் ஓட்டுகிறவனுக்கு வேறு.

தெரிந்தவர்கள் ஒருவருக்கொருவர் தெரிந்தவர்களாகவும் ஆனார்கள். காத்ரஜ் மலைப்பாதையில் ஏறும்போது பிளக்கின் இரு முனைகளையும் கரி இணைத்துவிட்டால் வண்டி பட்டென்று நின்றுவிடும். ஓரமாக நிறுத்திச் சாய்த்த மாத்திரத்தில் பின்னால் வரும் ஸ்கூட்டர்க்காரர் நிறுத்தி ‘காய் ஜாலா?’ என்பார். என்ன ஆயிற்று என்று கேட்கும்போதே தன் டிக்கியிலிருந்து ஸ்பேனரை எடுத்துக்கொண்டிருப்பார். அவருக்கு என் மொழி தெரியாது, எனக்கு அவர் மொழி பாதி. ஆனால் சூடான பிளக்கைக் கைக்குட்டையில் சுற்றிப் பிடித்துக்கொண்டு இரண்டு பேர் குனிந்து பார்க்கும்போது பேச்சுக்கு என்ன வேலை? ஒருமுறை கியர் கேபிள் அறுந்து நின்றபோது உதவிய மனிதர் வீட்டுக்குக் கூட்டிப்போய்ப் போஹா கொடுத்தார். அவர் மகளின் கல்யாணத்துக்கு நாங்கள் குடும்பத்தோடு போனோம்.

ஸ்கூட்டரில் பழகிய கை வீட்டுப் பொருள்களுக்கும் போயிற்று. மின்விசிறி சோம்பினால் கண்டென்சர், அதற்கு புதவார் பேட்டின் தப்கீர் கல்லி. குக்கர் கைப்பிடி, மிக்ஸியின் கார்பன் பிரஷ், ரேடியோவின் ஸ்டேஷன் முள்ளை இழுக்கும் நூல். அந்த நூல் அறுந்துபோனால் சிலோன் வானொலி இருக்குமிடம் தெரியாமல் வீடே தவிக்கும், அதைத் திரும்பக் கோத்துக் கட்டி முள் நகர்ந்தபோது என் மனைவி என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. இதில் நான் ஒன்றும் தனி ஆள் இல்லை. அந்தக் காலத்துத் தெருவில் வீட்டுக்கொருவர் இப்படி இருந்தார். இந்தப் பகுதியின் தொழில் வரலாறே அப்படித் தொடங்கியதுதான். லட்சுமண்ராவ் கிர்லோஸ்கர் 1888-இல் பெல்காமில் சைக்கிள் விற்று, பழுதுபார்க்கும் கடைதான் வைத்தார். கலப்பையும் கிர்லோஸ்கர்வாடியும், பிறகு புனேயில் எழுந்த இன்ஜின் தொழிற்சாலையும், யாரோ ஒருவரின் சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு உள்ளே பார்த்த அந்தக் கடையிலிருந்து கிளம்பிவந்தவை.

பிறகு காலம் மாறியது, மெதுவாகத்தான் மாறியது. எண்பதுகளின் நடுவிலேயே பொத்தானை அழுத்தினால் கிளம்பும், கியர் இல்லாத கினெடிக் ஹோண்டா வந்து, புடவை கட்டிய பெண்கள் உதைக்காமல் வண்டி எடுத்துப் போனார்கள். அது எவ்வளவு பெரிய விடுதலை என்பதை என் மனைவியைக் கேட்டால் தெரியும். காத்திருப்புப் பட்டியல்கள் கரைந்தன. மோட்டார் பைக்குகள் வந்தன. 2009-இன் இறுதியில், ஸ்கூட்டர் செய்வதையே விட்டுவிடப் போவதாக பஜாஜ் அறிவித்தது. அன்று காலைச் செய்தித்தாளை வாசித்துவிட்டுக் குடியிருப்பில் பலர், வண்டி நிற்கும் இடத்துக்கு வந்து சும்மா நின்றுவிட்டுப் போனோம். பத்து ஆண்டு கழித்து, 2019 அக்டோபரில் அதே பெயரில் மின்சார ஸ்கூட்டர் அறிமுகமாகி, 2020 ஜனவரியில் புனேயிலும் பெங்களூரிலும் முதலில் விற்பனைக்கு வந்தது. 2022-இல் அதற்கென்றே தனித் தொழிற்சாலை, இடம் அதே ஆகுர்டி.

என் மகள் ஒரு மின்சார ஸ்கூட்டர் வைத்திருக்கிறாள். அருமையான வண்டி. புகை இல்லை, சத்தம் இல்லை. எங்கள் டூ-ஸ்ட்ரோக் வண்டிகள் பாதி எரிந்த பெட்ரோலையும் ஆயிலையும் இந்த ஊர்க் காற்றில் எவ்வளவு கொட்டியிருக்கின்றன என்று தெரிந்த எவரும் அதை வரவேற்கத்தான் வேண்டும், நானும் மனதார வரவேற்கிறேன். இரவில் செருகிவிட்டால் காலையில் தயார். எங்கே நிற்கிறது, எவ்வளவு தூரம் போகும் என்று போன் சொல்லிவிடுகிறது. சாய்க்க வேண்டாம், உதைக்க வேண்டாம், ஊத வேண்டாம். முன்னொரு நாள் அதன் அருகில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, கழற்ற ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தேன். பேட்டரி மூடி முத்திரையிட்டிருக்கிறது. மற்றதெல்லாம் மென்பொருள், அதற்கு ஏதாவது ஆனால் இரவோடு இரவாக எங்கிருந்தோ காற்றில் வந்து சரியாகிவிடுமாம். ‘அப்பா, அதற்கு நீங்கள் எதுவும் செய்ய வேண்டாம்’ என்றாள் மகள், ஆறுதலாக. எனக்கு அது ஆறுதலாக இல்லை. பொருள்கள் நம்மைத் தொந்தரவு செய்யாமல் இருக்க வேண்டும் என்று நாம்தானே கேட்டோம்? கேட்டது கிடைத்துவிட்டது. தொந்தரவோடு சேர்ந்து, அவற்றை அறிந்துகொள்ளும் வாய்ப்பும் போய்விட்டது. அவை நம் வீட்டில் இருக்கின்றன, நமக்கு வேலை செய்கின்றன. பல வருடம் கூட இருந்தும் நாம் அவற்றின் உள்ளே ஒருமுறையும் போனதில்லை. ஒரு நாள் நின்றுபோனால் துக்கம்கூட இல்லாமல் அடுத்ததை வாங்குகிறோம். ஆறே வருடத்தில் மூன்றாவது மிக்ஸியைத் தூக்கிக்கொண்டு வரும் பக்கத்து வீட்டுக்காரரிடம் ‘கார்பன் பிரஷ் பார்த்தீர்களா?’ என்று கேட்டேன். புதிய மாடலில் கீழே திருகாணியே இல்லை, பிளாஸ்டிக்கை ஒட்டிவிட்டிருந்தார்கள்.

திருகாணி இருக்க வேண்டும் என்பது இப்போது உலகம் முழுக்க ஒரு கோரிக்கையாகியிருக்கிறது, அதில் எனக்கு மிகுந்த நம்பிக்கை. 2009-இல் ஆம்ஸ்டர்டாமில் மார்ட்டினே போஸ்ட்மா என்ற பெண்மணி, பழுதான பொருளோடு வருகிறவரும் பழுதுபார்க்கத் தெரிந்தவரும் ஒரே மேசையில் உட்காரும்படி ஒரு கூட்டம் ஏற்பாடு செய்தார். அது ‘ரிப்பேர் கஃபே’ என்று நாடு நாடாகப் போய், 2015-இல் பெங்களூருக்கும் வந்தது. நம் மத்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை, பழுதுபார்க்கும் உரிமைக்கு ஒரு சட்டக வடிவம் உண்டாக்க 2022 ஜூலையில் குழு அமைத்து, அந்த ஆண்டு டிசம்பரிலேயே அதற்கான இணைய வாசலையும் திறந்தது. விவசாயக் கருவிகள், செல்போன், வீட்டு உபயோகப் பொருள்கள், வாகனங்கள் என்று நான்கு துறைகள். மரத்தடியில் காகா தினமும் செய்ததைக் கேட்டு வாங்க இன்று ஓர் உரிமைச் சட்டம் வேண்டியிருக்கிறது என்று நினைக்கும்போது சிரிப்பும் வருகிறது, நியாயமாகவும் படுகிறது. ஊதிச் சரிசெய்ய முடிந்த காலத்தில் யாரும் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை.

புனேயில் இந்த ஆசை முழுதாக அணைந்துவிடவில்லை என்பதற்குக் கர்வே நகருக்குப் போய்ப் பார்க்கலாம். விக்ரம் பெண்ட்சே சைக்கிள் அருங்காட்சியகத்தில், இரண்டாம் உலகப் போரில் பாராசூட் படையினருக்காகச் செய்த, மடிக்கக்கூடிய பி.எஸ்.ஏ. சைக்கிள் முதல் குழந்தைகளின் மூன்று சக்கர வண்டி வரை, துருவிலிருந்து மீண்ட சைக்கிள்கள் மாடி மாடியாக நிற்கின்றன. ஊரே சைக்கிளில் போன நாட்களைப் பார்த்தவர்கள் அங்கே மணியை விரலால் தொட்டுப் பார்க்காமல் வருவதில்லை. இன்னொரு பக்கம் சுக்ரவார் பேட்டில் ராஜா தினகர் கேள்கர் அருங்காட்சியகம்: விளக்கு, பூட்டு, பாக்குவெட்டி, மைக்கூடு என்று சாதாரண வீட்டுச் சாமான்களை ஒரு மனிதர் ஊர் ஊராகத் தேடிச் சேர்த்துவைத்தது. அந்தப் பாக்குவெட்டிகளில் ஒன்றின் கீலில் பழைய ஆணிக்குப் பதிலாக யாரோ புது ஆணி அடித்திருப்பதுபோல எனக்குத் தோன்றியது. அங்கே வெகுநேரம் நின்றேன்.

எங்கள் குடியிருப்பின் மூன்றாம் மாடியில் ஒரு பையன், கணினி நிறுவனத்தில் வேலை, போன வருடம் சாத்தாரா பக்கத்துக் கிராமம் ஒன்றில் மாட்டுக்கொட்டகையில் கிடந்த சேத்தக் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தான். கோழி முட்டையிட்ட வைக்கோல்கூட இருக்கைக்கு அடியில் இருந்தது. பார்த்ததும் எனக்கு வயது குறைந்துவிட்டது. அவன் கற்றுக்கொள்ளும் முறையே வேறு. போனைச் சுவரில் சாய்த்துவைத்து, இந்தோனேஷியாவிலோ இத்தாலியிலோ யாரோ ஒருவர் அதே இன்ஜினைக் கழற்றும் வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்துக் கூடவே கழற்றுகிறான். எனக்கு ஐந்து வருடத்தில் தெரியவந்தது அவனுக்கு ஐந்து வாரத்தில் தெரிந்துவிட்டது. நாங்கள் சந்தைகளில் குந்தி உட்கார்ந்து தேடிய பாகங்கள் அவனுக்கு அட்டைப்பெட்டியில் வீட்டு வாசலுக்கு வருகின்றன. காலம் எடுத்துக்கொண்டுபோனதில் ஒரு பங்கை இப்படி வேறு வழியாகத் திருப்பித் தருகிறது, அதை மறுக்க முடியாது. சிலிண்டரைப் போர் அடிக்க லேத் பட்டறைக்கு மட்டும் இருவரும் சேர்ந்து போனோம். மேல் பெயிண்டை அவன் சுரண்டியபோது அடியில் ஒரு பழைய நீலம் வந்தது. கம்பெனி அடித்த நீலம். கடைக்குக் கொண்டுபோய் அதே நீலத்தைக் கலக்கச் சொல்லி, டிங்கரிங் முடிந்து, பட்டி தேய்த்து, பிரைமர் அடித்து, முதல் கோட் நீலம் விழுந்த அன்று மாடியில் உள்ளவர்கள் எல்லோரும் இறங்கிவந்து பார்த்தார்கள். என்றோ தங்கள் வீட்டிலும் நின்ற வண்டியின் நிறத்தைப் பெரியவர்கள் ஒவ்வொருவராகச் சொல்ல ஆரம்பித்தார்கள். ஒருவர் வண்டி எண்ணையே சொன்னார்.

இரவு பதினோரு மணிக்கு அவன் அழைப்புமணியை அடிப்பான், கை முழுக்க கிரீஸ். ‘அங்கிள், இந்த வாஷர் எந்தப் பக்கம் வரும்?’ வீடியோவில் அந்த இடத்தை மட்டும் வேகமாகக் கடந்துவிட்டிருப்பார்கள். நான் செருப்பு மாட்டிக்கொண்டு இறங்குவேன். பகல் முழுதும் கண்ணாடித் திரையில் வேலை செய்கிறவனுக்கு, ஒரு மரை சரியாகப் பிடித்து இறுகுவது விரலில் தெரியும் அந்தக் கணம் எவ்வளவு தேவைப்படுகிறது என்பதை அவன் முகத்தில் பார்க்கிறேன். அவன் வயதில் எனக்கு அது தேவை என்பதே தெரியாது, தினமும் கிடைத்துக்கொண்டிருந்ததால்.

இப்போது எங்களுக்குள் ஒரு தகராறு. மேக்னட்டுக்குள் இருந்து பிளக்கின் பொறியைத் தூண்டும் பாயிண்டை எடுத்துவிட்டு எலக்ட்ரானிக் இக்னிஷனும் பன்னிரண்டு வோல்ட்டும் போட்டுவிடலாம், அப்புறம் கையே வைக்க வேண்டாம், விளக்கும் மங்காது என்கிறான். அவன் சொல்வது சரி. பாயிண்ட் தேயும், இடைவெளி மாறும், மழைக்காலத்தில் மக்கர் செய்யும். ஆனால் ஃபிளைவீலின் சின்ன ஜன்னல் வழியே ரம்பத் தகட்டை நுழைத்து அந்தப் பொறியை நீயே ஒருமுறை உண்டாக்கிப் பார்க்க வேண்டாமா, ஒரு மழைக்காலம் பாயிண்டோடு ஓட்டு, அப்புறம் உன் இஷ்டம் என்கிறேன். ஞாயிற்றுக்கிழமை ஜுனா பஜாரில் பழைய பாயிண்ட் செட் தேடலாம் என்று சொல்லியிருக்கிறேன். வருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறான், பாயிண்டுக்கு இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.